பந்தியிலிருந்து எழுப்பினால் என்ன செய்யலாம்?

மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலில் பெருமாளுக்குப் பாம்பணை கிடையாது. வெறுந்தரையில் படுத்திருக்கிறார். அதற்குத் தலபுராணம் சொல்லும் காரணம் அந்த ஊரில் பலருக்கும் தெரிந்ததுதான். பாற்கடலில் இருக்கும் பெருமாளின் காலடியில் தாமரை வைக்க ஆசைப்பட்ட புண்டரீக முனிவர், குறுக்கே கிடந்த கடலைக் கையால் இறைத்துக்கொண்டிருந்தாராம். அப்போது ஒரு முதியவர் வந்து, பசிக்கிறது, சாப்பிட ஏதாவது வேண்டும் என்றார். முனிவர் கைவேலையை அப்படியே போட்டுவிட்டுச் சோறு கொண்டுவரப் போனார். திரும்பி வந்தபோது கடல் விலகியிருந்தது. முதியவராக வந்தவர் பெருமாளாகத் தரையில் படுத்திருந்தார். பசி என்று வந்தவரிடம் குலமும் ஊரும் விசாரிக்காமல் சோறு தேடிப் போனவருக்குக் கிடைத்த தரிசனம் அது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான அதே கோயிலின் அன்னதானப் பந்தியில்தான், 2021 அக்டோபரில், பக்கத்துப் பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் பெண் ஒருவர், சாப்பிட வந்த தம்மையும் தம் மக்களையும் உட்கார விடாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று காணொளியில் குமுறினார்.

காணொளி தமிழ்நாடு முழுவதும் பரவியது. அக்டோபர் 29ஆம் தேதி இந்து சமய அறநிலையத் துறை அமைச்சர் பி.கே. சேகர்பாபு அந்தக் கோயிலுக்கு வந்து, அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அன்னதானம் சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய், நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். இரண்டும் செய்ய வேண்டியவைதான். ஆனால் ஒரு வேளைச் சோற்றுக்கு நியாயம் கிடைக்க ஓர் அமைச்சரும் ஒரு முதலமைச்சரும் வர வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கியது. இன்று நூற்றுக்கணக்கான கோயில்களில் நாள்தோறும் பந்தி நடக்கிறது. அத்தனை பந்திக்கும் அமைச்சர் வர மாட்டார். காணொளி எடுக்கக் கைப்பேசி இல்லாத நாளில், எடுத்தும் யாரும் பார்க்காத நாளில், எழுப்பி அனுப்பப்பட்டவருக்கு என்ன வழி?

அன்று தடுத்தவர் கருவறையில் பூசை செய்பவரா, பந்தி மேற்பார்வை பார்த்தவரா என்பது இங்கே பெரிய கேள்வி இல்லை. கோயில் வாசலில் நிற்கும் எவருக்கும் உள்ளே இருக்கும் தெய்வத்தின் பெயரில் ஓர் அதிகாரம் ஒட்டிக்கொள்கிறது. தேவாலயத்தில் பங்குத்தந்தைக்கும், பள்ளிவாசலில் ஜமாத் நிர்வாகிக்கும், மடத்தில் சாமியாருக்கும் அப்படியே. அந்த அதிகாரம் திமிராக மாறும்போது அது எப்போதும் வாய்வார்த்தையாகத்தான் வெளிப்படும். ‘அப்புறம் வா’, ‘வெளியே நில்’, ‘உனக்கெல்லாம் இங்கே என்ன?’ இவற்றை எந்த அர்ச்சகரும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்ததில்லை. கேட்டாலும் கொடுக்க மாட்டார். எழுதினால் அதற்குக் கீழே குறிப்பிட ஒரு சட்டப் பிரிவோ விதியோ அவரிடம் இல்லை என்பதே காரணம். ஆகவே அவமதிக்கப்பட்டவர் செய்ய வேண்டிய முதல் வேலை, வாயால் சொல்லப்பட்டதை அன்றே எழுத்தாக்குவது. சட்டங்கள் நம் பக்கம் நிறையவே இருக்கின்றன. அவை தாமாக நடந்து வருவதில்லை. தேதி போட்ட ஒரு மனுவின் பின்னால்தான் வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

கோயில் நுழைவு யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனபோது, பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். அரசு பின்வாங்கவில்லை; நுழைவைச் சட்டமாக்கியது. 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவு அனுமதிச் சட்டம், எந்தச் சாதியைச் சேர்ந்த இந்துவும் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் நுழைந்து வழிபடலாம் என்று உறுதி செய்தது. பின்னர் வந்த அரசியல் சாசனம் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. 25(2)(ஆ) பிரிவில் பொதுத்தன்மை கொண்ட இந்து சமய நிறுவனங்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிட அரசுக்கு அதிகாரம் தந்தது. இவை பலரும் அறிந்தவை. பலர் அறியாதது, 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 106ஆம் பிரிவு. பிரசாதமும் தீர்த்தமும் வழங்கும்போது சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. எந்த வழக்கமும் மரபும் இதற்குக் குறுக்கே நிற்க முடியாது. அன்னதானம் பிரசாதத்தில் அடங்குமா என்று ஒருவர் வாதம் செய்யலாம். கையளவு பொங்கலில் பாகுபாடு கூடாது என்று சொன்ன சட்டம் இலை நிறையச் சோற்றில் அதை அனுமதித்திருக்கும் என்று வாதாடுவதுதான் கடினம்.

அடுத்தது, அர்ச்சகர் சட்டத்தின் கண்ணில் யார் என்பது. 1971இல் தமிழ்நாடு அரசு அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, அர்ச்சகர் பணியில் பரம்பரை உரிமையை நீக்கியது. அதை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அர்ச்சகர் கோயிலின் பணியாளர், அவரை நியமிப்பது சமயச் சடங்கு அல்ல, நிர்வாகச் செயல். பணியாளர் என்றால் ஒழுங்கு நடவடிக்கையும் உண்டு. அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு, கடமை தவறுதல், கட்டளைக்குக் கீழ்ப்படியாமை, தவறான நடத்தை ஆகியவற்றுக்காகக் கோயில் ஊழியருக்கு அபராதம் விதிக்கவும், அவரைத் தற்காலிகமாக நீக்கவும், பணியிலிருந்தே விலக்கவும் நிர்வாகத்துக்கு அதிகாரம் தருகிறது. மேல்முறையீட்டு உரிமை அவருக்கும் இருக்கிறது. கருவறைக்குள் எந்த மந்திரம் சொல்ல வேண்டும் என்று பக்தர் அவருக்குக் கட்டளையிட முடியாது. கருவறைக்கு வெளியே வரிசையில் நிற்கும் மனிதரை அவர் எப்படி நடத்துகிறார் என்பதற்கு அவர் நிர்வாகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைப் பக்தர்களும் அறிவதில்லை, அர்ச்சகர்களில் பலரும் ஏற்பதில்லை. திமிர் வளர்வது அந்த இடத்தில்தான்.

மூன்றாவது, குற்றவியல் சட்டம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைக் கூர்மையாக்கியது. பொதுமக்களுக்குத் திறந்த வழிபாட்டிடத்தில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ நுழைவதைத் தடுப்பது இப்போது தனிக் குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு அலுவலரும், அவர் அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவராக இல்லாவிட்டால், 4ஆம் பிரிவின்கீழ்த் தண்டனைக்கு உரியவர்.

இங்கேதான் பூஞ்சேரி நிகழ்ச்சி நமக்கு ஒரு கசப்பான பாடத்தைத் தருகிறது. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு நரிக்குறவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல பத்தாண்டுகளாகக் கேட்டும் கிடைக்கவில்லை. ஆகவே பந்தியில் அவமதிப்பு நடந்த அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கதவை அவர்களால் தட்டவே முடிந்திருக்காது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அரசியல் சாசனப் பழங்குடியினர் ஆணையைத் திருத்தி, நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. 2023 ஜனவரியில் அது சட்டமாக அறிவிக்கப்பட்டது. இன்று அதே பந்தியில் அதே மக்களைத் தடுப்பவர் துறை நடவடிக்கையை மட்டுமல்ல, சிறையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு கையில் இருக்கும் சாதிச் சான்றிதழைப் பொறுத்தது. பழைய சான்றிதழையே வைத்திருக்கும் குடும்பங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியே புதியதற்கு விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்வது, உதவித்தொகைக்கு மட்டுமல்ல, மானத்துக்கும் காப்பு.

கோயிலைத் தாண்டி

இப்படி எழுதினால் உடனே வரும் மறுப்பு, கோயிலை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள் என்பது. நியாயமான கேள்விதான், பதிலும் எளிது. திமிருக்கு மதம் இல்லை. உளுந்தூர்ப்பேட்டை அருகே ஏறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பேரவையில் அதற்குப் பொறுப்பான அலுவலகத்தின் தலைவராக அப்போது இருந்தவர் செங்கல்பட்டு ஆயர் அ. நீதிநாதன். தவறை எழுத்தில் ஒப்புக்கொண்ட அந்தப் பண்பு மற்றச் சமய நிறுவனங்களுக்கும் பாடம். இருந்தாலும் சட்டத்தில் ஓட்டை அப்படியே இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவராக மாறிய தலித்துகள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. தேவாலயத்தில் அவமதிக்கப்படும் தலித் கிறித்தவர், பூஞ்சேரி மக்கள் 2021இல் நின்ற அதே இடத்தில் இன்றும் நிற்கிறார்.

அதனால் கிறித்தவர்களும் இசுலாமியரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதில்லை. பங்குத்தந்தைக்கு மேல் ஆயர் இருக்கிறார். திருச்சபைச் சட்டத்தில், பங்கை நடத்தத் தகுதியிழந்த குருவை ஆயர் மாற்றுவதற்கு முறை இருக்கிறது. 2019இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, குருக்கள் தம் அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்யும் பாலியல் குற்றங்களையும், அவற்றை மேலிடம் மூடி மறைப்பதையும் புகாரளிக்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. வக்ஃபு சொத்தை நிர்வகிக்கும் முத்தவல்லி தவறினால் அவரை விசாரித்து நீக்க வக்ஃபு வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. இவற்றில் எதற்கும் நீங்கள் அதே எழுத்து வழியில்தான் போக வேண்டும்: தேதி, நேரம், சொன்ன வார்த்தை, சாட்சி.

சமயத் தலைவர்களின் பிடி வாசலோடு முடிவதில்லை. ஞானஸ்நானச் சான்றிதழ், திருமண ஓலை, ஜமாத் கடிதம், கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடம், திருவிழாவில் வரி வாங்குவது, தேர் தெருவுக்குள் வருவது என்று வாழ்வின் முக்கியமான தருணங்களில் அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது. கேள்வி கேட்டவர் வீட்டுக் கல்யாணத்தில் அந்தத் தாள் தாமதமாகும் என்ற பயம்தான் பலர் வாயை அடைக்கிறது. இதற்கும் மாற்று உண்டு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் செய்துகொள்ள எந்தக் குருவின் கடிதமும் தேவையில்லை. அடக்கத்துக்கு உள்ளாட்சி அமைப்பின் பொது மயானம் இருக்கிறது. மாற்று வழி இருப்பது தெரிந்துவிட்டால் பயம் பாதி குறையும். குருவின் கடிதமும் பெரும்பாலும் நேரத்துக்கு வந்துவிடும்.

குழந்தைகள் சம்பந்தப்பட்டால் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேளம்பாக்கத்தில் பள்ளி நிறுவிய சிவசங்கர் பாபா என்ற சாமியாரை, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில், 2021 ஜூனில் சி.பி.சி.ஐ.டி. டெல்லியில் கைது செய்தது. அந்தக் குற்றச்சாட்டுகள் உண்மையா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். நாம் பார்க்க வேண்டியது, முன்னாள் மாணவிகள் பலர் பள்ளிப் பருவத்தில் நடந்ததாகச் சொன்னவற்றை வெளியே சொல்ல எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை. ஆசீர்வாதம் கொடுக்கும் கை என்ற எண்ணம் குழந்தையின் வாயை மட்டுமல்ல, பெற்றோரின் காதையும் அடைத்துவிடுகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. கல்வி நிறுவனத்திலோ சமய நிறுவனத்திலோ பொறுப்பில் இருப்பவர் அங்குள்ள குழந்தைக்கு எதிராகச் செய்யும் குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைப்பது தனிக் குற்றம். 1098 என்ற எண்ணுக்கு ஓர் அழைப்பு போதும். குழந்தையின் பெயரையோ படத்தையோ ஊடகத்திலும் வாட்ஸ்அப்பிலும் போடுவது மட்டும் கூடாது. அதுவும் அதே சட்டத்தில் குற்றம்.

மறுப்புகளும் பதிலும்

சமய உரிமையில் தலையிடலாமா என்பது அடுத்த மறுப்பு. அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவு ஒவ்வொரு சமயப் பிரிவுக்கும் தன் சமயக் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ள உரிமை தருகிறது. மூல்கி வெங்கடரமண தேவரு வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம் இந்த முரணைத்தான் தீர்த்தது. பொதுக்கோயிலில் நுழையும் உரிமையும் சமயப் பிரிவின் உரிமையும் மோதினால் நுழைவுரிமையே மேல். அதே சமயம், அந்தப் பிரிவினருக்கே உரிய சில சடங்குகளை அவர்கள் தமக்கென வைத்துக்கொள்ளலாம். ஆக, கருவறைச் சடங்கைப் பற்றி வாதிட இடம் இருக்கிறது. பந்தியைப் பற்றி இல்லை. சோறு பரிமாறுவது எந்த ஆகமத்தின் மறைபொருளும் அல்ல.

மரபு என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் திருக்கச்சூர் இருக்கிறது. அங்கே பசியோடு வந்த சுந்தரருக்காகச் சிவபெருமானே முதியவர் வேடத்தில் வீடு வீடாகப் போய் இரந்து சோறு கொண்டுவந்தார் என்கிறது புராணம். ஒரே மாவட்டத்தில் பெருமாள் சோறு கேட்டு வந்திருக்கிறார்; சிவன் சோறு இரந்து போட்டிருக்கிறார். மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் போய்த் தாமே பூசை செய்கிறார்கள். மாதவிலக்கும் அங்கே தடையில்லை. மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் 2021இல் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் இருளர்கள், புடவையும் தார்ப்பாயும் கட்டிய குடில்களில் இரவைக் கழித்து, விடியலில் மணலிலேயே கன்னியம்மனை வைத்துக் கும்பிடுகிறார்கள். கல்யாணமும் அங்கேயே முடிகிறது. அந்த மணலில் யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்வதில்லை. இவை எல்லாமே இந்தக் கரையின் மரபுகள்தான். விரட்டியடித்ததை மட்டும் மரபு என்று எடுத்துச் சொல்பவர் மரபைக் காப்பாற்றவில்லை, தன் இடத்தைத்தான் காப்பாற்றுகிறார்.

இன்னொரு மறுப்பு மனிதாபிமானத்திலிருந்து வருவது. பெரும்பாலான அர்ச்சகர்கள் ஏழைகள்; தட்டுக் காசை நம்பி வாழ்பவர்கள்; அவர்கள்மீது வழக்கா? ஏழ்மை உண்மைதான். ஒருகாலப் பூசைத் திட்டக் கோயில் அர்ச்சகர்களுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரத் தொடங்கியது என்பதே அவர்கள் வருமானம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும். அவர்களுக்கு முறையான சம்பளம் வேண்டும் என்று கேட்பது பக்தர்களின் கடமையும்கூட. ஆனால் வறுமை தட்டை நீட்டச் செய்யும். மனிதரை எழுப்பி விரட்டச் செய்யாது. விரட்டியது வேறொரு நினைப்பு. புகாரும் அந்தச் செயலின்மேல் மட்டுமே இருக்க வேண்டும். புகார் மனுவில் அர்ச்சகரின் சாதியை இழுத்துத் திட்டினால், நம் மனுவும் அதே நோயைச் சுமந்துகொண்டு போகும். அதோடு, மாமல்லபுரத்தில் நடந்ததை வைத்து எல்லா அர்ச்சகரையும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. கடமையை மரியாதையோடு செய்பவர்களுக்கும் இப்படி எழுத்தில் புகார் செய்யும் முறை பாதுகாப்புதான்.

பொய்ப் புகார் வராதா என்றும் கேட்பார்கள். வரலாம், எந்தச் சட்டத்திலும் வரும். அதற்கும் மருந்து எழுத்தும் சாட்சியும்தான். நேரம் குறித்த மனு, கண்காணிப்பு கேமராப் பதிவு, பந்தியில் பக்கத்தில் இருந்தவரின் வாக்குமூலம் ஆகியவை பாதிக்கப்பட்டவருக்கும் உதவும், பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட அர்ச்சகருக்கும் உதவும். வெறும் காணொளியில் யார் கோபமாகப் பேசினாரோ அவர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆவணத்தில் அப்படி நடக்காது. 2019 நவம்பரில் சிதம்பரம் நடராசர் கோயிலில் பெண் பக்தர் ஒருவரைத் தீட்சிதர் ஒருவர் அறைந்ததாகப் புகார் எழுந்தபோது, காவல் துறை வழக்குப் பதிந்தது; பொதுத் தீட்சிதர்களே அவரை இடைநீக்கம் செய்தார்கள். அரசின் நேரடி நிர்வாகத்தில் இல்லாத கோயிலிலும் இது நடந்தது. அடிபட்டவர் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விடாமல் காவல் நிலையத்துக்குப் போனதால் நடந்தது.

என்ன செய்ய வேண்டும்?

சம்பவம் நடந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல், இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உங்கள் பெயர் என்ன, எந்த உத்தரவின்படி சொல்கிறீர்கள்? பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டீர்கள் என்பதே பின்னால் சாட்சியாகும். பக்கத்தில் இருந்த இருவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் வாங்குங்கள். அன்றே ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதுங்கள். தேதி, நேரம், எத்தனையாவது பந்தி, எந்தக் கதவு, உடன் இருந்தவர்கள், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே. அந்த நேரத்துக் கேமராப் பதிவை அழியாமல் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள். பழைய பதிவின்மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும், தாமதித்தால் சாட்சி போய்விடும். மனு கோயிலின் செயல் அலுவலருக்கு; நகல் அறநிலையத் துறையின் உதவி ஆணையருக்கும் இணை ஆணையருக்கும். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுக்கலாம். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லையென்றால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், என் மனுமீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று துறையைக் கேளுங்கள். 30 நாளில் அவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ தடுக்கப்பட்டிருந்தால், அல்லது யாரையாவது அடித்து, தள்ளி, மிரட்டியிருந்தால், காவல் நிலையம் போவதற்குத் துறையின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். அதன் பிறகும் நடக்கவில்லையென்றால் குற்றவியல் நடுவரை அணுகலாம். வன்கொடுமைப் புகார்களுக்கு 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்ற கவலையும் வேண்டாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டியது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் விசாரிக்கலாம், 15100 எண்ணிலும் அழைக்கலாம்.

படிக்கத் தெரிந்த பக்தர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பந்தியில் ஒருவர் எழுப்பப்படும்போது, பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்து சாப்பிட்டு முடிப்பதுதான் எழுப்பியவருக்குக் கிடைக்கும் பெரிய ஆதரவு. எழுதத் தெரியாதவருக்கு அந்த மனுவை நீங்கள் எழுதிக் கொடுங்கள். கீழே சாட்சியாக உங்கள் பெயரைப் போடுங்கள். கூடவே அலுவலகம் வரை போங்கள். அங்கே மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கும்வரை இருவருமே நகராதீர்கள்.